டாக்டர் எழுதாத வியாதி

இருபத்திரண்டு வருஷம் வார்டில் ஓடி ஓடி உழைத்தவள் டெஸ்லி ஹான்ரஹன். ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்துக் கடலோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். முதுகு போன பிறகு, ஐம்பத்தொரு வயதில் அவளைக் கொண்டுபோய்ப் பின்கட்டு அறையில் கோடிங் பயிற்சிக்கு உட்கார வைத்துவிட்டார்கள். வேலை என்ன? வீட்டுக்குப் போன நோயாளியின் கோப்பைப் படித்து, அவருக்கு இருந்த ஒவ்வொரு வியாதிக்கும் அதற்கென்று உள்ள எண்ணைப் போட வேண்டும். கேட்க எவ்வளவு சுலபம்! செய்து பார்த்தால்தான் தெரியும்.

சொல்லிக்கொடுத்த டீகன் ப்ரோடிக்கு இருபத்தொன்பது வயது. ஓயாமல் ஒரே விதியைத்தான் சொல்வாள்: நோய்க்குப் பேர் வைக்க வேண்டியது டாக்டர். அவர் எழுதாத நோய்க்கு எண் கிடையாது. டெஸ்லி சறுக்குவதெல்லாம் இங்கேதான். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருப்பதைப் பார்த்தால் போதும், கை தானாக எண்ணை அடித்துவிடும்.

"யாரு சொன்னா உங்களுக்கு?" என்பாள் டீகன்.

"யாரு சொல்லணும்? எனக்குத்தான் கண்ணு தெரியுதே! மாத்திரை வேற குடுத்திருக்காங்க."

"டாக்டர் எழுதலையே. நீங்க இப்போ நர்ஸ் இல்ல, டெஸ்லி."

சுருக்கென்று தைக்கும். ஆனாலும் எண்ணை அழித்துவிடுவாள்.

அன்று கடைசித் தேர்வு. பழைய கோப்புகள் இருபது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எடுத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான், இந்த முதுகோடு எந்த வார்டும் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளாது. வெளியே டிசம்பர் வெயில் கொளுத்தியது. பத்தொன்பது கோப்புகள் மளமளவென்று முடிந்தன.

இருபதாவதைத் திறந்தவள் ஆடிப்போய்விட்டாள். மெர்வின் ஸ்கோபி, எண்பத்தொரு வயது, வீட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிவு, அறுவை சிகிச்சை. நர்ஸ் குறிப்பில் இருந்தது அவளுடைய கையெழுத்து!

'ராத்திரி 2.10: குழம்பிப் போயிருக்கிறார். இறால் படகில் இருப்பதாக நினைக்கிறார். டாக்டரிடம் சொன்னேன். 2.40: டிரிப்பைப் பிடுங்கினார். மறுபடி சொன்னேன். 3.05: கட்டில் கம்பியைத் தாண்டி விழப் போனார். தாங்கிப் பிடித்தேன்.'

அப்படிப் பிடித்ததில்தான் அவள் முதுகு போனது. டாக்டரோ மூன்று நாளும் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: 'நலம்.' படுபாவி! அது டெலிரியம். அறுவைக்குப் பிறகு வயசானவர்களுக்கு வரும் சித்தக் குழப்பம். அவள் பார்க்காத டெலிரியமா?

"டாக்டருக்கு ஒரு கேள்வி அனுப்பலாமா, டீகன்?"

"அவரு வேலை மாறி பெர்த் நகரத்துக்குப் போயி ஒரு வருஷமாச்சு. இருக்கிறதை வச்சுத்தான் போடணும்."

"இதுல இருக்கிற நர்ஸ் நான்தான், கண்ணு."

டீகன் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, சத்தியமா எனக்குத் தெரியாது. வேற கோப்பு தரட்டுமா?"

"வேண்டாம். இதையே முடிக்கிறேன்."

டெலிரியத்தின் எண்ணை அடித்தாள். அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் இருந்த இருபத்திரண்டு வருஷ நர்ஸ் அதை அழிக்க விடவில்லை. வேலை வேண்டுமென்றால் அழித்தே ஆக வேண்டும். கால் மணி நேரம் கழித்து அழித்தாள். எலும்பு முறிவு, வீட்டில் விழுந்தது, அறுவை, அவ்வளவுதான் போட்டு அனுப்பினாள்.

நாலு மணிக்கு டீகன் துள்ளிக்கொண்டு வந்தாள். "தொண்ணூத்தெட்டு! அந்தக் கடைசிக் கோப்புல ஒரு தப்புகூட இல்ல, டெஸ்லி!"

டெஸ்லிக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"அந்த மனுஷன் பயந்து நடுங்கினாரு, டீகன். என் கழுத்தைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல. அன்னைக்கு நான் சொன்னதை ஒருத்தரும் காதுல வாங்கல. இன்னைக்கு நானும் அதை எழுதாம விட்டுட்டேன்."

டீகன் வேலை உத்தரவை மேஜைமேல் வைத்தாள். டெஸ்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.