பித்தளை மூடி

சௌல்தாரிக்குப் போய்ச் சொக்கலிங்கம் அண்ணனுடைய அம்பாசிடரின் பானெட்டைத் தூக்கியதுமே எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. போன மழைக்கு முன்னால்தான் அந்த என்ஜினுக்கு பிளாக் பிளக் எல்லாம் புதிதாக அடித்துக் கொடுத்திருந்தேன். என்ஜினுக்குள் ஓடும் தண்ணீர் வெளியே வராமல் பிளாக்கின் பக்கவாட்டை அடைத்திருக்கும் சின்னக் கிண்ண மூடிகள் அவை. ஒழுங்காக அடித்தால் வருஷக்கணக்கில் பேசாமல் கிடக்கும். இப்போது அத்தனையும் உள்ளேயிருந்து அரித்து ஓட்டை விழுந்து, வண்டிக்கடியில் துருத்தண்ணீர் தேங்கி நின்றது. ஒச்சப்பன் வேலை உருப்படாது என்று இந்தத் தீவில் கராச்சர்மா ஊர் வரைக்கும் பேச்சுப் போய்விடும்.

அண்ணன் அந்தக் காலத்தில் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் டாக்ஸி ஓட்டியவர். அதே வண்டிதான் இது. பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"என்ன தண்ணிண்ணே ஊத்துறீக?"

"கெணத்துத் தண்ணிதான். அவதான் ஊத்துவா. ஜல்தி முடி தம்பையா, கப்பல் வர்ற நேரம்."

தம்பையா ஜெட்டியில் அவருக்கு வண்டி பார்த்த மெக்கானிக். செத்துப்போய் வெகுகாலமாகிறது. வயசானவர், வாய் தவறிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

பழைய மூடி ஒன்றை ஓரத்தில் தட்டிப் புரட்டி இழுத்தபோது மிச்சத் தண்ணீர் முகத்தில் தெறித்தது. உதட்டில் கரித்தது. சரிதான், கோடையில் கிணறு வற்றியபோது எதையோ பிடித்து ஊற்றியிருக்கிறார்கள், பழி மட்டும் எனக்கு. வேலையைக் கடைசி மூடி வரைக்கும் கொண்டுவந்துவிட்டு, கை கழுவும் சாக்கில் பின்பக்கம் போனேன். அண்ணனின் மனைவி சந்திரமதி அக்கா அடுப்படி வாசலில் நின்றிருந்தார்.

"ஏன்க்கா, உப்புத்தண்ணிய ஊத்துனா இரும்பு தாங்குமா? பரவால்ல, இனி எதை வேணா ஊத்துங்க. இந்தத் தடவ பித்தளை. மெயின்லேண்ட்ல இருந்து வரவழைச்சிருக்கேன். காரு மக்குனாலும் மூடி மக்காது."

பாராட்டுவார் என்று பார்த்தேன். அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

"அப்ப உப்புக்கு அசையாதா?"

"அசையாதுக்கா."

"நாந்தான் ஒச்சப்பா, கல்லுப்பக் கரைச்சு ஊத்துனேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவருக்கு நெனப்பு தப்பிப்போச்சு. ஸ்கூலு முன்னாடி ஒரு பிள்ள சைக்கிள் மேல ஏத்திட்டாரு. பிள்ள குதிச்சுத் தப்பிச்சுது. இவரு எறங்கிக்கூடப் பாக்கல. ரோட்டுல தகரத்தப் போட்டு வச்சிருக்கானுகன்னு சொல்லிக்கிட்டே வாராரு. சாவிய ஒளிச்சேன், பீரோவ ஒடைச்சாரு. வண்டி ரிப்பேருன்னா மட்டுந்தான் பேசாம ஒக்காந்திருப்பாரு."

இவ்வளவு நேரம் எதைப் பெருமையாக அடித்து இறுக்கிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"ஒண்ணு பாக்கியிருக்குக்கா. நான் பாத்துக்கிறேன்."

கடைசி மூடியைக் கொஞ்சம் கோணலாக உட்கார வைத்தால் போதும், கேட்டைத் தாண்டுவதற்குள் தண்ணீர் கொட்டிவிடும். வேண்டுமென்றே ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துச் சுத்தியலை ஓங்கினேன்.

"கோணுது" என்றார் அண்ணன், என் முதுகுக்குப் பின்னால்.

சுத்தியலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மூடியை எடுத்தார். துளையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, துடைத்து, பசையை மெல்லிசாகப் பூசி, மூடியைப் பொருத்தினார். மூடியின் குழிக்குள் சாக்கெட் இரும்புக் குழலை நேராக நிறுத்தி, அதன் தலையில் அடித்தார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. கணீரென்று இருந்த சத்தம் அடிக்க அடிக்கக் கெட்டியாகி அடங்கியது. நான்கூட அவ்வளவு சுத்தமாக அடித்ததில்லை.

"இப்பிடி அடிக்கணும் தம்பையா."

"அண்ணே, பசை காயணும். நாளைக்கு எடுங்க."

கேட்கவில்லை. ரேடியேட்டரில் அவரே தண்ணீரை நிரப்பி, பானெட்டைச் சாத்தி, ஏறி உட்கார்ந்தார். ஒரு முறுக்கில் ஸ்டார்ட் ஆனது. ஜன்னல் வழியாகச் சாவியில் கை வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து அவர் திருகிய திருகலில் உயிர் போயிற்று.

"எவன்டா நீ, ஜெட்டில வந்து சாவியப் புடுங்குற?"

வண்டி நகரத் தொடங்கியது. அக்கா போட்டது போட்டபடி ஓடிவந்தார், ஈரக் கையோடு. முன்கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அண்ணன் பிரேக்கை மிதித்துத் திரும்பிப் பார்த்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்.

"எங்கம்மா போகணும்?"

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு."

"சரி. கதவ நல்லாச் சாத்திக்குங்க."

கேட்டைத் தாண்டி வலதுபுறம் திரும்பினார். பள்ளிக்கூடம் இருக்கிற பக்கம். பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன், ரோடு நெடுகக் குனிந்து குனிந்து பார்த்தபடி. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழுந்திருக்கவில்லை.