ஆயிரம் கோழிக்கு நூறு மில்லி

என் அப்பா அப்புசாமி எதையும் ஆயிரம் கோழிக் கணக்கில்தான் யோசிப்பார். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. கல்யாணத்துக்கு எவ்வளவு கூட்டம் என்று கேட்டால், ஆயிரம் கோழி ஷெட்டில் பாதி தேறும் என்பார்.

பனிக்காலத்தில் கோழிகளுக்குச் சளி பிடித்தால் தண்ணீர்த் தொட்டியில் ஓர் எண்ணெய் கலந்துவிடுவோம். நீலகிரித் தைலமும் சூடமும் சேர்ந்த வாசம். ஆயிரம் கோழிக்கு நூறு மில்லி, நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீரில் கலக்கவும் என்று பாட்டிலில் போட்டிருக்கும். அப்பா பாதிதான் படித்தார்.

மீதியைச் சொல்லிக்கொடுத்தவர் கந்தப்பன் மாமா. ராசிபுரத்தில் அவரும் பண்ணை வைத்திருக்கிறார். மகனுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தவர், ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சளியைப் பற்றிப் பேசினார். ஆயிரம் கோழி ஆயிரத்து ஐந்நூறு கிலோ. அப்படியானால் எண்பது கிலோ ஆளுக்கு ஐந்து மில்லிச் சொச்சம். மற்றதெல்லாம் கெமிக்கல், இது வெறும் இலை என்றார். அப்பா உருகிப்போனார். எனக்கு அவர் மகன் சிவபிரகாஷைப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் பேசி முடிவானது.

தை மாதம் அப்பாவுக்கு மூக்கடைத்தது. ஒரு வியாழக்கிழமை காலையில் அளந்து ஊற்றி ஒரே மடக்கில் குடித்தார். அரை மணி நேரத்தில், முட்டை ஏற்ற வந்த லாரிக்கு முன்னால் விழுந்தார். கைகால் இழுத்தது, வாயில் நுரை. நான் பயந்து செத்தேன்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர் சௌமியா, என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டார். ஒன்றுமே இல்லை என்றாள் அம்மா. அது பொய்யில்லை. எங்கள் வீட்டில் எண்ணெய் மருந்தில் சேர்த்தி கிடையாது. டாக்டர் குனிந்து அப்பாவின் மூச்சை முகர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், உண்மை வெளியே வந்தது.

இந்த எண்ணெய்கள் மூளையைத் தூண்டி வலிப்பை வரவழைக்கும், குழந்தைகளுக்குக் கொஞ்சம் போதும் என்றார். ஸ்கேனில் ஒன்றுமில்லை, பரம்பரை நோயும் இல்லை, எண்ணெயைத் தொடாமல் இருந்தால் சரி.

அப்பாவுக்கு வலிப்பு வந்தது பெரிதில்லை, கணக்கு தப்பியதுதான் அவமானம். யார் கேட்டாலும் தலைசுற்றல் என்றார். ஆனால் லாரி டிரைவர் பார்த்தது ராசிபுரம்வரை போய்விட்டது. பெண் வீட்டில் பரம்பரை வலிப்பாம். ஞாயிறு நேரில் வருகிறோம் என்று கந்தப்பன் மாமா போனில் சொன்னபோது குரலில் உயிரே இல்லை. என் கல்யாணம் முறிந்தது என்றே நினைத்தேன்.

“கோழி மருந்து குடிச்சேன்னு சொல்லீருங்கப்பா” என்றேன்.

“ஊரே சிரிக்கும் சாமி.”

“சிரிக்கட்டுங்க. என்னை நோயாளின்னு சொல்றாங்களே, அது பரவால்லீங்களா?”

அவர் எழுந்து ஷெட்டுப் பக்கம் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஞாயிறு வந்தார்கள். பழத்தட்டு, நடுவில், மாமா வரும்போதெல்லாம் கொண்டுவரும் அந்தக் கோழி எண்ணெயில் ஒரு புது பாட்டில். சிவபிரகாஷின் அம்மா தமிழ்ச்செல்வி, உடம்பு விஷயமாக ஒன்று பேச வேண்டும் என்று தொடங்கி நிறுத்தினார். அப்பா தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எனக்கு நோயில்லீங்க. சம்பந்தி சொன்ன கணக்குக்கு அந்தக் கோழி எண்ணெயக் குடிச்சேனுங்க. அதுலதான் இழுத்துச்சுன்னு டாக்டரம்மா சொல்லீட்டாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. தமிழ்ச்செல்வி மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினார்.

“நீங்க எத்தனை மில்லி குடிக்கறீங்க?”

“எட்டு” என்றார் கந்தப்பன் மாமா, தட்டைப் பார்த்தபடி.

அந்த அம்மா அழுதுவிட்டார். போன மாதம் மாமாவுக்கும் இரண்டு தடவை இழுத்திருக்கிறது. சம்பந்தம் கெட்டுவிடும் என்று மறைத்து, கோயமுத்தூரில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை வாங்கியிருக்கிறார்கள். சளிக்கு எண்ணெய் குடிப்பதையும் விடவில்லை. இன்று வந்தது முறிக்க அல்ல. மாமாவின் வலிப்பை மறைத்துக் கட்டிவைப்பது பாவம் என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போக.

விழுந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அப்பாவின் முகம் தெளிந்தது.

“உங்களுக்கு எழுவது கிலோதானுங்களே சம்பந்தி. எட்டு எப்படிங்க வரும்?”

அம்மா எழுந்து, தட்டிலிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

மறுநாள் அப்பாக்கள் இருவரையும் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து டாக்டர் சௌமியாவிடம் கூட்டிப்போனோம். சிவபிரகாஷும் நானும் சேர்ந்து போன முதல் இடம் அதுதான். வழியெல்லாம் பின்னால் கணக்குச் சண்டை நடந்துகொண்டே இருந்தது.