மார்வா போட்ட தோட்டா

1

இந்தக் கதை பெட்ரோல் பங்கில் பிறந்தது. கொஞ்சம் கௌரவமான இடத்தில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். என்ன செய்ய, அமெரிக்காவின் வயோமிங்கில் எங்கள் ஊரில் பேச்சு பிறக்கிற ஒரே இடம் அந்தப் பங்கின் காபி மேசை. நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்து, இங்கே வந்தும் அதே மாட்டு வைத்தியம் பார்த்து, தலை நரைத்துப்போன ஆள். துப்பாக்கி சுடத் தெரியாது. ஆனால் எந்தத் தோட்டா உசத்தி என்கிற வழக்கைக் காது புளித்துப்போகும் அளவுக்குக் கேட்டிருக்கிறேன்.

முதல் வரி என்று எழுதி அடித்தவை:

"ஆர்லோ அன்று காலை தன் துப்பாக்கியை எடுத்து" (எடுத்து என்ன? எல்லாக் கதையிலும்தான் எடுக்கிறார்கள்.)

"பனி" (பனி ஏது, இது செப்டம்பர்.)

"குண்டு நேராகப் போகும் என்பது பொய்." இது தேவலை. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

2

குண்டு நேராகப் போகும் என்பது பொய். குழலை விட்ட நொடியிலிருந்து அது விழுந்துகொண்டேதான் போகிறது. வேகமாகப் போனால் விழுவதற்கு நேரம் கம்மி, அவ்வளவுதான் சூட்சுமம். மரமே இல்லாத எங்கள் சேஜ் புதர்வெளியில் மான் முந்நூறு கஜத்துக்கு அப்பால் நின்றுகொண்டு நம்மையே வேடிக்கை பார்க்கும். தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தால் குண்டு அதன் காலடியில் புழுதியைக் கிளப்பும். அதனால் கோடு கிழித்த மாதிரி தட்டையாகப் போகிற தோட்டா எது என்று இவர்கள் அலைகிற அலைச்சல், நம் ஊரில் பெண்ணுக்கு ஜாதகம் தூக்கிக்கொண்டு அலைவதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

எங்கள் காபி மேசை ஆர்லோ அப்படி அலைந்தவன். டூ-செவன்ட்டி ரகத் துப்பாக்கியில் ஆரம்பித்தான். குறி தப்பியது. குண்டு தாழப் போகிறது என்று சொல்லி, அதைவிட வேகமான செவன் மேக்னம் வாங்கினான். இன்னும் மோசமாகத் தப்பியது. காற்றைத் திட்டினான். இப்போது அதற்கும் மேலே முந்நூறு மேக்னம் ஒன்றின் மேல் கண் வைத்திருக்கிறான்.

போன வருடம் தப்பவில்லை. பட்டது, ஆனால் படக்கூடாத இடத்தில். பொழுது சாயும்வரை ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கடைசியில் அந்த மானின் வேதனையை முடித்துவைத்தவள் அவன் மனைவி மார்வா. கல்யாணம் ஆன வருடத்திலிருந்து, வேட்டைக்காலத்தின் முதல் நாள் இருவரும் சேர்ந்துதான் போவார்கள். வேறு எந்த நாளையும் ஆர்லோ இப்படிக் கொண்டாடிப் பார்த்ததில்லை. இந்த வருடம் மார்வா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு உசுரு அப்படித் தவிக்கறத என்னால பாக்க முடியாது. ஒழுங்காச் சுடத் தெரிஞ்சா வா. இல்லீன்னா நான் மட்டும் போறேன். நீ ஊட்ல இருந்து பீன்ஸும் கறியும் போட்டுச் சில்லி ஆக்கி வெய்யி."

(ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் 'நீ'யும் 'நீங்க'ளும் ஒன்றுதான். மார்வா கணவனை 'ஏங்க' என்று கூப்பிடுவதாக ஒரு பக்கம் எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடம் அந்த ஆளோடு குப்பை கொட்டியவள் 'யோவ்' என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் பேசுவது என் காதில் நாமக்கல் பக்கத்துப் பேச்சாகத்தான் விழுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3

இந்த இடத்தில் எனக்கு ஆர்லோ மேல் சந்தேகம் வந்தது. நான் காளைக்கு ஊசி போடும்போது அதன் மூக்கைத் திருகிப் பிடித்துக்கொள்கிற மனிதன். அவ்வளவு திடமான கை எப்படி வருடா வருடம் தப்பும்? காற்றின் மேல் பழி போடுவது எனக்கு ஒட்டவில்லை. (சந்தேகப்பட்டது நான் என்று எழுதினால் எனக்குப் பெருமை. உண்மையில் அது டாய்லின் சந்தேகம்.)

டாய்ல் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். தோட்டாவுக்குத் தன் கையாலேயே வெடிமருந்து அடைப்பவர்.

"முந்நூறு மேக்னம் வாங்கலாம்னு இருக்கேன்" என்றான் ஆர்லோ.

"பேஷா வாங்கு. அதுக்கு முந்தி இருக்கறத ஒருக்கா சுட்டுக் காமி. தோட்டாவ நான் போட்டுத் தாரேன்."

சரளை தோண்டிய குழியில் குறி அட்டையை நட்டுவைத்துவிட்டுப் படுத்தான் ஆர்லோ. நானும் மார்வாவும் வண்டியின் பின்பக்கப் பலகையில் காபியோடு உட்கார்ந்திருந்தோம். முதல் வெடிக்குப் புழுதி பறந்தது, தோள் பின்னால் போயிற்று. அந்தச் சத்தத்திலும் உதைப்பிலும் யாராலும் எதையும் பார்க்க முடியாது. டாய்ல் துப்பாக்கியை வாங்கி, முதுகைக் காட்டி நின்று, இன்னொரு தோட்டா போட்டுக் கொடுத்தார். அதில் மருந்து இல்லை என்பது ஆர்லோவுக்குத் தெரியாது.

விசையை இழுத்தான். 'டிக்' என்றது, அவ்வளவுதான். ஆனால் கோழி தவிட்டைக் கொத்துகிற மாதிரி குழல் கீழே பாய்ந்தது. தோள் முன்னால் வந்து முட்டியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன.

(இதற்குப் பிறகு நிலவிய மௌனத்தைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருந்தேன். தூக்கிவிட்டேன். மார்வா அவ்வளவு நேரம் சும்மா இருக்கவில்லை.)

"யோவ், கண்ண மூடிக்கிட்டா சுடற?"

"மூடறேனா?"

"மூடறியாவா? கொழந்தைக்கு வெளக்கெண்ணெ குடுத்த மாதிரி இருக்குது மூஞ்சி."

ஆர்லோ எழுந்து உட்கார்ந்தான். காதுமடல் சிவந்துவிட்டது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். அட்டையைப் பார்த்தான், டாய்லைப் பார்த்தான், பிறகு மனைவியிடம் சொன்னான்:

"பயமா இருக்குது மார்வா. அடிச்சுத் தள்ளப் போகுதுன்னு உடம்புக்கு முன்னாடியே தெரிஞ்சு போகுது. தப்பறதுக்கெல்லாம் பெருசு பெருசா வாங்கினேன். பெருசு இன்னும் பெருசா ஒதைக்குது."

சொன்னதும் அவன் முகத்தில் வந்த நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதலில் சிரித்தது அவன்தான். பிறகு நாங்கள். டாய்ல் சிரித்துச் சிரித்து இருமலே வந்து சரளையில் உட்கார்ந்துவிட்டார்.

4

"தட்டையாப் போறதுக்கு ஆயிரம் இருக்குது. நீ பயப்படாதது எது, அதத்தான் நாம தேடோணும்" என்றார் டாய்ல்.

அன்று பிற்பகல் முழுக்க அவர் வைத்திருந்த துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தார்கள். நடுநடுவே வெற்றுத் தோட்டா. எதில் எது இருக்கிறது என்று ஆர்லோவுக்குச் சொல்வதில்லை. ஒன்றே ஒன்றில் மட்டும் குழல் ஏறக்குறைய அசையாமல் நின்றது. ஆறரை க்ரீட்மோர் என்கிற தோட்டா போடுகிற துப்பாக்கி. மேக்னத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக விழும், ஆனால் ஒல்லியான நீள குண்டு, காற்றுக்கு லேசில் மசியாது. உதைப்பும் பாதிதான்.

ஐயோ, அதுவா என்று தலையில் கை வைத்தான் ஆர்லோ. காரணம் இருந்தது. நகரத்திலிருந்து குடுமி முடிந்துகொண்டு வருகிற பையன்கள் அந்தத் தோட்டாவைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்குக் 'குடுமித் தோட்டா' என்று பங்கில் பேர் வைத்துப் பரப்பியவனே ஆர்லோதான்.

மறுவாரம் பங்குக்குள் நுழைந்தான். காபி மேசையில் ஆளுக்கு ஆள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். டாய்ல் வாயில் எதுவும் தங்காது.

"ஆமாப்பா, வாங்கிட்டேன். சிரிக்கறவங்க சிரிச்சு முடிங்க, எனக்குக் காபி வேணும்" என்றான்.

கல்லாவில் இருந்த டெலியா காபியோடு சேர்த்து ஒரு ரோஜா நிற முடிவளையத்தையும் நீட்டினாள். "இது நம்ம கணக்குல, சார். குடுமிக்கு."

ஆர்லோ தொப்பியைக் கழற்றினான். உள்ளே ஒரு முடி கிடையாது. சற்று யோசித்தான். நெஞ்சுவரை தொங்கும் தாடியை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, அந்த வளையத்தைப் போட்டு முடிந்துகொண்டு உட்கார்ந்தான். சிரிப்பில் பங்கே அதிர்ந்தது. டீசல் போட்டுக்கொண்டிருந்தவன் என்னமோ ஏதோ என்று உள்ளே ஓடி வந்தான்.

5

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் முதல் நாள் வேட்டைக்கு அவன் போனானா இல்லையா என்று கேட்பீர்கள். முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: மார்வா அதிகம் உதைக்காத தன் சின்னத் துப்பாக்கியை அவனுக்குப் பரிசளிக்கிறாள். வரைவை மொழிபெயர்த்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "என்னோடதையா? கதைக்குக்கூடக் குடுக்க மாட்டேன், டாக்டரே" என்றாள்.

முடிவு ஆ: ஆயிரம் கஜப் போட்டியில் ஆர்லோ கோப்பை வெல்கிறான். டாய்ல் கேட்டுவிட்டு, "நீங்க மாட்டுக்கே ஊசி போடுங்க" என்றார்.

முடிவு இ: "அந்த மான் திரும்பிப் பார்த்தது. அதன் கண்களில் மனித குலத்தின்" (மன்னித்துவிடுங்கள்.)

6

நடந்ததையே சொல்கிறேன்.

முதல் நாள் காலை இருவரும் சேர்ந்துதான் போனார்கள். மேட்டில் ஏறிப் படுத்தார்கள். எதிர்ச்சரிவில், ஏறக்குறைய முந்நூறு கஜத்தில், பக்கவாட்டில் நின்றது ஒரு கிடா மான். காற்று அடங்கியிருந்தது.

"தோட்டாவ நாந்தேன் போடுவேன். அக்கட்டால திரும்பு" என்றாள் மார்வா.

ஆர்லோ திரும்பிக்கொண்டான். போல்ட் தாழ் அடைபடும் சத்தம் கேட்டது. அவள் துப்பாக்கியை அவன் கையில் வைத்தாள்.

அவள் கணக்கு அவனுக்கு விளங்கியது. வெற்றுத் தோட்டாவாக இருந்து குழல் கொத்தினால், யாருக்கும் சேதமில்லை, வீட்டுக்குப் போய்ச் சில்லி ஆக்கலாம். நிஜத் தோட்டாவாக இருந்தால், அவள் அவனை நம்பிவிட்டாள் என்று பொருள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் மனதை இவ்வளவு தெரிந்துகொள்ள அவன் ஆசைப்பட்டதே இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தான். இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு படுத்திருந்தாள். எதைப் போட்டிருந்தாலும் அப்படித்தான் செய்வாள், அவ்வளவு கெட்டிக்காரி.

துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்தான். மூச்சைப் பாதி விட்டான். விசை மெல்லப் பின்னால் வந்தது. கிடாவின் தோளில் மயிர் சிலிர்த்து அடங்குவதுகூடத் தெரிந்தது. விசை முழுதாக வந்துவிட்டது. அவன் இன்னும் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

பிறகு என்ன சத்தம் கேட்டது என்று மார்வாவிடமும் கேட்டேன், ஆர்லோவிடமும் கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களே தவிர, வாயைத் திறக்கவில்லை.

ஆகவே இரண்டு தோட்டாக்களையும் உங்கள் கையில் தருகிறேன். ஒன்றில் மருந்து இருக்கிறது, ஒன்றில் இல்லை. எது எதுவென்று உங்களுக்குத் தெரியும். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு காத்திருக்கிறான். ஒன்றைப் போடுங்கள்.