மனோரமா ஏன் குனிந்தாள்

மடவை மீன் குழம்பு தரையில் போனதற்கு முழுப்பொறுப்பும் ஆதிகேசவனுடையதுதான். சாயங்காலக் கொசு ஒன்றைத் துரத்திக்கொண்டு அடுப்படிவரை வந்தவன், வருகிற வழியெல்லாம் அந்தக் கொசுவுக்கும் தன் பழைய பட்டாளத்துச் சுபேதாருக்கும் உள்ள உறவுமுறையைப் பற்றி ஒரு ஜோக் சொல்லிக்கொண்டே வந்து, மனைவி மனோரமாவின் தலைக்கு மேலே கொசு அடிக்கிற பேட்டை ஓங்கினான். கொசு தப்பித்தது. மனோரமா சடக்கென்று குனிந்தாள். கையிலிருந்த சட்டி நழுவி, கொதித்த குழம்பில் பாதி அவன் வலது பாதத்தில் கொட்டியது.

அவனுக்குச் சுடவில்லை. அந்தப் பாதமும் விரல்களும் பனிமலைக் காவலில் இருந்தபோதே மரத்துப்போனவை. ஆணி குத்தினால்கூட ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். ஆளைத் திருப்பிக் கொடுத்த பட்டாளம் விரலை மட்டும் வைத்துக்கொண்டது என்பது அவன் ஊர் முழுக்க விற்றுத் தீர்த்த ஜோக். அதையும் எடுத்து விட்டுப் பார்த்தான். மனோரமா சிரிக்கவில்லை. கரித்துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள்.

ஏன் குனிந்தாய் என்று கேட்டான். கரண்டி விழுந்தது, எடுக்கக் குனிந்தேன் என்றாள். கரண்டி சுவரில் ஆணியில் சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள்மேல் அவன் கை விழுந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. கடைசியாக விழுந்தபோது, உதட்டில் தையலோடு அவள் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு, வாரம் தவறாமல் பழவேற்காட்டுப் புயல் பாதுகாப்புக் கட்டிடத்தில் நடக்கும் கூட்டத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவனைப்போலவே பட்டாளத்திலிருந்து திரும்பி, அவனைப்போலவே வீட்டுக்குள் சண்டையைத் தொடர்ந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற கூட்டம். அங்கே கேட்டவற்றிலிருந்து அவன் தனக்கென்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். கை ஓங்காமல் இருந்தால் போதும், மழைவெள்ளம் முகத்துவாரம் வழியாகக் கடலில் வடிகிற மாதிரி அவள் பயம் தானாக வடிந்துவிடும். முகத்துவாரம் மணல்மூடிக் கிடக்கலாம் என்று ஐயாவுக்குத் தோன்றவே இல்லை. வடியவில்லையென்றால், இந்த ஒரு வருஷத்தில் அவன் மாறியது யாருக்காக?

ஏரியில் இன்ன நாளில் இன்னார் வலைபோடலாம் என்று ஊர் முறைவைத்துக் கொடுப்பதற்குப் பாடு என்று பெயர். கூட்டம் ஆரம்பித்த புதிதில் யாரும் வாய் திறக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால், பேச்சுக்கும் பாடு வைத்துவிடலாம் என்று தோணிரேவு ஊர்க்காரன் சாம்சன்தான் யோசனை சொன்னான். கூட்டத்தை நடத்துகிற மோகனப்பிரியாவுக்கும் அது பிடித்துவிட்டது. அன்றிலிருந்து தங்கள் பாடு வந்தால் பேசியே ஆகவேண்டும். ஆதிகேசவன் மட்டும் ஒவ்வொரு முறையும் தன் பாட்டை அடுத்தவனுக்குத் தானம் செய்துவிட்டு, சில்லறையாக இரண்டு ஜோக் போட்டுத் தப்பித்துவந்தான். சாம்சன் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பான். சிரிக்க வைப்பவனை யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

குழம்பு கொட்டிய வாரம் அவன் தன் பாட்டை யாருக்கும் விடவில்லை. பாதத்தில் கட்டோடு உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான். அவள் இன்னும் தனக்குப் பயப்படுகிறாளா என்று கேட்டான். நெல் வயல்காரரான தினகரன், பேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொசுவர்த்தி வாங்கச் சொன்னார். இடுப்பு பிடித்திருக்கும், தைலம் தேய்த்தால் சரியாகிவிடும் என்றான் சாம்சன். மனோரமாவைத் தவிர மற்ற எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது.

மோகனப்பிரியா கடைசியில்தான் பேசினாள்.

"இத அவங்ககிட்டதாண்ணா கேக்கணும். கேட்டுட்டு சும்மா உக்காருங்க. பதில் சொல்றதும் சொல்லாததும் அவங்க இஷ்டம்."

மறுநாள் பகல். மனோரமா வாசலோரம் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஆதிகேசவன் எதிர்ச்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். அவள் எழுந்து போகிற வழியை மறிக்காமல் உட்காரவேண்டும் என்பது கூட்டத்தில் சொல்லிக் கொடுத்தது. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"என்னக் கண்டா இன்னும் பயமாகீதா?"

அவள் இறால் விலையைப் பற்றிச் சொன்னாள். பக்கத்து வீட்டு நந்தினியின் மகனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை கிடைத்ததைச் சொன்னாள். அவன் ம் என்றான். சும்மா இருப்பது, காவலில் விறைத்து நிற்பதைவிடச் சிரமமாக இருந்தது. ஒரு காக்கை தத்தித் தத்தி வந்து, உரித்த இறால் ஒன்றைக் கொத்திக்கொண்டு அவனையே முறைத்தது. சுபேதாரேதான். அருமையான ஜோக் நாக்கு நுனிவரை வந்து நின்றது. காக்கையையும் விட்டான், ஜோக்கையும் விட்டான்.

அடிக்கிற காலத்திலும் அந்தப் பாதத்தைப்போல உள்ளேயும் மரத்துத்தான் கிடக்கும். கை போய் வந்தது அவனுக்கே தெரியாது. கால்விரலில் ரத்தத்தைப் பார்ப்பதுபோல, அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். இப்போது அவள் முகத்தைப் பார்த்தான். அவள் இறாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உரிக்கிற கை மட்டும் நின்றிருந்தது.

"ஆமாயா, பயந்தான்" என்றாள். "பேட்டுக்கு இல்ல. உன் கைக்கும் இல்ல. அடிக்கிறதுக்கு முன்ன நீ ஜோக் சொல்லுவ. ஒவ்வொரு தபாவும். சிரிச்சா இன்னாத்துக்கு சிரிக்கிறன்னு அடிப்ப. சிரிக்கலனா ஏன் சிரிக்கலன்னு அடிப்ப. அன்னிக்கும் ஜோக் சொல்லிக்கினேதான் அடுப்பாண்ட வந்த. அதான் குனிஞ்சேன்."