சித்தப்பா பையன் ஜாக்

பிறந்த மண்ணின் விலை, ஒரு ஜாம் பாட்டில் நிறைய, இரண்டு பவுண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலை விட்டுப் பிழைக்க வந்து, தொழிற்சாலை நகரமான கவென்ட்ரியிலேயே தங்கிவிட்ட எங்கள் சங்கத்தார் ஆண்டுக்கொருமுறை, வசந்தத்தில், ஓர் ஓட்டலில் கூடுவோம். வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம்வரை. நுழைவாசலிலேயே மண் விற்பனை. முதல் சில ஆண்டுகள் உண்மையாகவே எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரன்போர்த் கடற்கரை மணல்தான். பிறகு அவ்வளவு தூரம் போய் அள்ளிவர ஆளில்லாமல், பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்தவனிடம் ஒரு மூட்டை வாங்கி நிரப்பினோம். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து அழுதார்கள்.

நான் பெதரிக் ஆங்வின், சங்கத்தின் பொருளாளர். ஊரில் பென்சான்ஸ் சந்தையில் துணி விற்ற குடும்பம். எதிரில் நிற்பவன் எவ்வளவுக்கு இறங்குவான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கவென்ட்ரியில் தரைவிரிப்புக் கடை வைத்திருந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தக் கூட்டங்களுக்குப் போனேன். இன்று நினைத்தாலும் திரிந்துபோன பாலாடை நாக்கில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

தலைவர் ஆம்ப்ரோஸ் ட்ரெகானிங், ரெட்ரூத்காரர். பெரிய தொழிற்சாலை ஒன்றில் ஆளெடுக்கும் அதிகாரி. அம்மா இறந்த அதே மாதம் ஊர் வீட்டை லண்டன்காரன் ஒருவனுக்கு விடுமுறை பங்களாவாக விற்றுக் காசு பார்த்தவர். ஆண்டுதோறும் மேடையேறி, "நம்ம ஊர்ல ஒரு வீட்லகூட விளக்கு எரியலையேய்யா" என்று குரல் உடைந்து அழுவார். மீசையில் ஜாம் இருக்கும். அதன் மேலேயே கண்ணீர் வழியும்.

அவருக்கென்று ஒரு பேச்சு உண்டு. "நூறு வருஷம் முன்னாடி உலகத்துல எந்தச் சுரங்கத்துல ஆள் வேணும்னாலும் நம்மாளு என்ன சொன்னான்? 'ஊர்ல எங்க சித்தப்பா பையன் ஜாக் இருக்கான், வரச் சொல்றேன்'னான்! வந்த ஜாக்கை எவனாவது கைவிட்டானா?"

"இல்லை!" என்று எண்பது பேரும் மேசையைத் தட்டுவோம். நானும்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு நிஜமாகவே ஒரு ஜாக் வந்துவிட்டான்.

பெயர் ஹென்டர் ரோஸ்வார்ன். முப்பத்து நான்கு வயது, பதினேழு ஆண்டுச் சுரங்க வேலை. முந்தைய அக்டோபரில் வெள்ளீயத்தின் விலை விழுந்ததும் அவனுடைய சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஊரில் மனைவி, இரண்டு பிள்ளைகள், மூன்று மாத வீட்டு வாடகை பாக்கி. காரை விற்றுவிட்டு ரயிலில் வந்திருந்தான்.

"அண்ணே, இங்க தலைவரு ஃபேக்டரில இருபது பேர் எடுக்கறாங்களாமே," என்றான். "கூட்டித் தள்ளற வேலைன்னாலும் பரவால்ல. திங்கக்கிழமைக்குள்ள ஒரு பதில் தெரிஞ்சா போதும்."

ஆம்ப்ரோஸைத் தனியாக இழுத்துப் போனேன். எங்கள் விழாவின் உச்சம் சனிக்கிழமை பிற்பகல்: திரைகளை இழுத்து மூடி அரங்கை இருட்டாக்குவோம். கடினத் தொப்பியின் முன்னால் களிமண் உருண்டை வைத்து, அதில் மெழுகுவர்த்தி செருகிக்கொண்டு, ஒரு 'சுரங்கத் தொழிலாளி' மேசைகளுக்கு நடுவே நடந்து வருவான். எல்லாரும் எழுந்து தேவாலயப் பாட்டுப் பாடுவோம். வழக்கமாக ஒரு வங்கி குமாஸ்தாதான் நடப்பார்.

"தலைவரே, இந்த வருஷம் அசல் சரக்கு இருக்கு," என்றேன். "அவன் நடக்கட்டும். நீங்க வேலை குடுங்க."

"தொப்பி மட்டுமா? முகத்துல கரி பூசுவானா?"

"பூசுவான்."

"கடைசியில ரெண்டு வரி தனியாப் பாடணும்."

"பாடுவான். இருபதுல ஒண்ணு அவனுக்கு."

யோசித்தார். "சரி, திங்கள் காலை எட்டு மணிக்கு கேட்டுக்கு வரச் சொல்லு."

கைகுலுக்கினோம். எங்கள் சந்தையில் அதற்கு மேல் பத்திரம் கிடையாது.

ஹென்டர் நடந்தான். வெள்ளீயச் சுரங்கத்தில் யாரும் முகத்தில் அடுப்புக் கரி பூசிக்கொள்வதில்லை. அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பூசிக்கொண்டான். மெழுகு சொட்டிப் புருவத்தில் விழுந்தது, துடைக்கவில்லை. நல்ல குரல். கிழவிகள் அவன் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள். தலைவரின் மனைவி லவ்டே கரி ஒட்டாமல் தள்ளி நின்று தேம்பினாள். "அய்யோ பாவம், எவ்ளோ தத்ரூபமா இருக்கான்!"

ஞாயிறு காலை உணவுக்குத் தலைவர் அவனைத் தன் மேசைக்கே அழைத்தார். நானும் உட்கார்ந்தேன்.

"ஊர்ல எந்தப் பக்கம் தம்பி நீ?"

"கேம்போர்ன் சார்."

ரெட்ரூத்துக்கும் கேம்போர்னுக்கும் நடுவே மூன்று மைல். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரண்டு ஊரும் ரக்பி மோதும். அன்று மாமன் மச்சான்கூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவன் காலை மேசைக்கடியில் மிதித்தேன். இருநூற்றைம்பது மைல் தள்ளி வந்து உட்கார்ந்திருக்கிறோம், இங்கே அது வெறும் சிரிப்புதான் என்று நினைத்துவிட்டான் பாவி.

"நீங்க ரெட்ரூத்தா சார்? அப்ப என்னை நல்லாத் திட்டியிருப்பீங்க!" முகமெல்லாம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. "எழுபத்தொம்பதுல கடைசி நிமிஷத்துல ஓடிப்போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை வச்சு உங்க டீமைக் கவுத்தது நான்தான்!"

ஆம்ப்ரோஸ் கத்தியைத் தட்டில் வைத்தார். "கோட்டைத் தாண்டி வெளிய போயிட்டு வந்த பந்து அது."

"இல்ல சார், உள்ளதான்..."

"நான் அங்க நின்னு பாத்தேன். எங்க அண்ணன் அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்ல."

சிரிப்பார் என்று காத்திருந்தோம். சிரிக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "வேலை விஷயம்லாம் கம்பெனிக்கு மனு எழுதிப் போடுப்பா. வரிசைப்படி பாப்பாங்க. இது உறவு கொண்டாடற இடம், இங்க போய் அதெல்லாம் பேசிக்கிட்டு," என்றார்.

"தலைவரே, கை குடுத்தீங்க," என்றேன்.

"பெதரிக், ஒருத்தனை எடுத்தா ஊரே கிளம்பி வரும்டா. எல்லாரும் இங்கயே வந்துட்டா அப்புறம் நாம யாரை நெனைச்சு அழறது?"

மேசையே கொல்லென்று சிரித்தது. ஹென்டரும் சிரிக்க முயன்றான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பேருந்து நிறுத்தம்வரை கூடப் போனேன். காதோரம் இன்னும் கரி இருந்தது.

"அண்ணே, உங்க கடையில ஏதாச்சும்..."

"எனக்கே வியாபாரம் படுத்துக் கிடக்கு தம்பி," என்றேன்.

பொய். விரிப்புச் சுருள் தூக்க ஆள் தேடி மூன்று வாரமாகியிருந்தது. ஆனால் அவனை வைத்துக்கொண்டால் தலைவர் முகம் சுளிப்பார். அவருடைய தொழிற்சாலை அலுவலகம் முழுக்க என்னிடம்தான் விரிப்பு வாங்கியிருந்தது. அடுத்த கட்டடமும் வர இருந்தது. எதிரில் நிற்பவன் எவ்வளவுக்கு இறங்குவான் என்று சொல்லத் தெரிந்தவன், அன்று என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும்.

"பரவால்லண்ணே. பாட்டாவது நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு ஏறிப் போனான்.

செவ்வாயன்று கணக்கு எழுதினேன். வரவு: எண்பத்து நான்கு பேர், தலைக்குப் பதினான்கு பவுண்டு, ஆயிரத்து நூற்று எழுபத்தாறு. அந்த எண்பத்து நான்கில் ஹென்டரும் ஒருவன். முழுக் கட்டணம் கட்டித்தான் உள்ளே வந்திருந்தான். குலுக்கல் சீட்டிலும் மண் பாட்டிலிலும் சேர்த்து அறுபத்து மூன்றரை. செலவு: அரங்கு அறுநூற்று நாற்பது, சாப்பாடு முந்நூற்று எண்பத்தைந்து, பியானோக்காரர் முப்பது, தலைவர் மனைவிக்குப் பூங்கொத்து பதினெட்டு, தொப்பி வாடகை மூன்று, மெழுகுவர்த்தி இருபது பென்ஸ். கையிருப்பு நூற்று அறுபத்து மூன்று பவுண்டு முப்பது பென்ஸ். கூட்டிப் பார்த்தேன். பைசா பிசகவில்லை. கையெழுத்துப் போட்டேன்.