பச்சையாகிப்போன நாணல் தவளை

சாடிக்குள் இருந்த தவளை பச்சையாக இருந்தது.

துசேகிலே மூடியைத் திறந்து மறுபடி பார்த்தாள். பதினாறு நாளுக்கு முன், படம் வரைவதற்காக அவளே பிடித்துப் போட்ட பழுப்புத் தவளை. தொடையிலிருந்த தழும்புகூட அப்படியே இருந்தது.

தன் ஆய்வறிக்கையை எடுத்துப் பார்த்தாள்.

ருங்வே மலையின் நாணல் தவளைகளை அதில் இரண்டு இனங்களாகப் பிரித்து எழுதியிருந்தாள். பழுப்பு ஓர் இனம். சுற்றியுள்ள நான்கு மலைகளிலும் உண்டு. பச்சை வேறு இனம். ஊருக்குக் கீழே உள்ள இந்தச் சதுப்பில் மட்டும். மற்ற மலைகளுக்கு அவள் போனது மழை விட்ட பிறகு. அப்போது வளராத குட்டிகள்தான் மிஞ்சியிருக்கும், எல்லாம் பழுப்பு.

அவள் எழுத்தை நம்பித்தான் கிராமக் குழு சதுப்பில் உருளைக்கிழங்கு போடக் கூடாதென்று தடுத்து வைத்திருந்தது. தடையை நிரந்தரமாக்க இன்று பத்து மணிக்குக் கூட்டம். அவள்தான் பேச வேண்டும்.

வாசலில் அம்போகிலே வந்து நின்றார். சதுப்பில் அவளுக்கு வழிகாட்டி. அவருடைய மாடுகள் தண்ணீர் குடிப்பதும் அங்கேதான்.

"என்ன தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அண்ணே, இது பழுப்பா இருந்துச்சு."

எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பொண்ணு பெரியவளாயிட்டா. அதுக்கென்ன?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"மாடு மேய்ச்சவன் எவனுக்குத் தெரியாது? நீ எங்க கேட்ட? செத்ததையே அளந்துக்கிட்டிருந்த."

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு இனமில்லை என்று திக்கித் திக்கிச் சொன்னாள். அவர் சிரிப்பு நின்றது.

"மூடியைப் போடு. நாணல்ல விட்டுரு. யாரும் பார்க்கல."

"நீங்க பார்த்தீங்களே."

"நான் என்ன படிச்சவனா? என் மாட்டுக்குத் தண்ணி வேணும், தங்கச்சி."

மறைப்பது இவ்வளவு எளிது என்பதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

கூட்டத்தில் சாடியை மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டும் ஒரே இனம். நான் தப்பா பிரிச்சிட்டேன்."

"காதுல விழல, சத்தமா சொல்லும்மா" என்றாள் குழுத் தலைவி.

மறுபடி சொன்னாள்.

"அப்போ இந்தப் பச்சை வேற எங்கெல்லாம் இருக்கும்?"

"நாலு மலையிலயும்."

பின்வரிசையில் பெஞ்சுகள் கிரீச்சிட்டன. தலைவி வாக்கெடுக்கும் முன்பே நாலைந்து பேர் வெளியே போய், சுவரோரம் சாத்தியிருந்த மண்வெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். அம்போகிலே அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சதுப்பில் நின்ற மாடுகளை ஓட்டிவர, அவர்களுக்குப் பின்னால் ஓடினார்.