ஸுலைஹாவின் பெயரில் ஒரு ஸ்கூட்டர்

மூன்று வருடங்களாகப் பொலீஸ்காரர்கள் என்னை ஸுலைஹா என்றுதான் கூப்பிட்டார்கள். நாலந்தா பக்கத்திலோ தம்புள்ள சந்தியிலோ மறித்து, வண்டியின் பதிவுப் புக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஸுலைஹா நீங்களா?" என்பார்கள். இல்லை, நான் ஹம்சிகா, ஸுலைஹா இதன் முதல் சொந்தக்காரி என்பேன். புக்கில் மெரூன் என்று இருக்கிறது, வண்டி நீலமாக நிற்கிறதே என்பது அடுத்த கேள்வி. நான் மாற்றினேன் என்பேன். பெயரே உங்களுடையது இல்லை, நிறத்தை மட்டும் எப்படி மாற்றினீர்கள் என்று ஒருவர் கேட்டார்.

எங்கள் பக்கம் வண்டி கைமாறினாலும் பெயர் மாறுவது குறைவு. விற்கிறவர் உரிமை மாற்றும் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு, மற்ற இடங்களை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவார். ஓப்பன் பேப்பர் என்பார்கள். வாங்கியவர் அந்தத் தாளை அப்படியே அடுத்தவரிடம் கொடுப்பார். என் ஸ்கூட்டரை எனக்கு முன்னால் நான்கு பேர் அப்படி வாங்கி, ஓட்டி, விற்றிருந்தார்கள். ஐந்தாவதாக வந்த நான்தான் அதில் என் பெயரை எழுத ஆசைப்பட்டேன்.

ஆசை பழையது. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது பலாபத்வலவில் பஸ்சுக்கு நிற்பேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, டியூசன் முடிந்த நேரத்தில், தம்புள்ளப் பக்கமிருந்து ஒரு பெரிய ஸ்கூட்டர் வரும். அதுவரை நான் பார்த்த ஸ்கூட்டர்கள் எல்லாம் தகரடப்பா மாதிரிச் சத்தம் போட்டன. இது சத்தமே இல்லாமல், குளத்தில் படகு திரும்புவதைப் போல வளைவில் சாய்ந்து வரும். பின்னால் உட்கார்ந்த பெண் யாரையும் பிடித்துக்கொண்டிருக்க மாட்டாள். முதுகை நன்றாகச் சாய்த்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்து, மிளகுக் கொடிகளைப் பார்த்துக்கொண்டே போவாள். அவள் எங்கோ தூர தேசத்துக்குப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். என் பஸ் வரும்வரை நானும் கொஞ்ச தூரம் அவளோடு போவேன்.

வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில், மாத்தளையில் கண்ணாடிக் கடையில் வேலைசெய்து சேர்த்ததையும் அம்மாவின் சீட்டுக் காசையும் போட்டு அப்படி ஒன்றை வாங்கினேன். இருநூற்றைம்பது சீசீ. ஜப்பானில் ஓடி, இங்கே வந்து, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் என் கால்கள் இரண்டும் தொங்கின. பலாபத்வலவில் கராஜ் வைத்திருக்கும் றம்ஸி நானாவிடம் தள்ளிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் ஆட்களில் அண்ணனை நானா என்போம், அக்காவை ராத்தா என்போம்.

"சீட்ட ரெண்டு இஞ்ச் வெட்டணுமா? ஜப்பான்காரன் சோபா மாதிரி செஞ்சத பலகையாக்கப் போறீங்களே, மிஸ்."

"கால் எட்டாட்டி சோபாவுல உக்காந்து நான் டீவியா பாக்குறது?"

அவர் சிரித்துவிட்டு மெத்தையை வெட்டினார். பிறகு ஒவ்வொரு மாதமும் ஒன்று நடந்தது. காற்று நெஞ்சில் அடிக்காதபடி கண்ணாடித் தடுப்பை உயர்த்தினோம். பனிக்கு மஞ்சள் விளக்கு வைத்தோம். பின் சீட்டின் சாய்மானத்தைக் கழற்றி, அந்த இடத்தில் பெரிய பெட்டியைப் பூட்டினோம், நான் தனியாகத்தான் போவேன் என்பதால். கடைசியாக மழைக்கு முந்திய வானத்தின் நீலம். அந்த நீலம் கிடைக்க றம்ஸி நானா மூன்று தரம் கலந்தார். மூன்றாவது தரம், "இதுவும் இல்லன்னா வானத்தக் கழட்டிட்டு வாங்க" என்றார்.

எல்லாம் என் அளவுக்கு வந்துவிட்டது, பெயரைத் தவிர. ஆகவே ஓப்பன் பேப்பரை நிரப்பினேன். வீட்டு இலக்கத்தில் ஒரு எண்ணைப் பிழையாக எழுதிவிட்டேன். கடையில் செய்கிற பழக்கத்தில் டிப்பெக்ஸ் வெள்ளை பூசி, காயவிட்டு, மேலே அழகாக எழுதினேன். மோட்டார் வாகன அலுவலகத்தில் இருந்த ஒரு அம்மா தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு இரண்டு புதிய படிவங்களைத் தந்து, சொந்தக்காரரிடம் மறுபடி கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்.

புக்கில் கலேவெல விலாசம் இருந்தது. பௌர்ணமிப் போயா லீவு நாளில் கிளம்பினேன். நாவுல தாண்டியதும் குளிர் விட்டுப்போய், தம்புள்ளவில் வெயில் தலைக்கவசத்துக்குள் இறங்கியது. ஸுலைஹா செத்துப்போயிருந்தால் என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். கையெழுத்துக் கிடைக்காவிட்டால் இந்த வண்டி எந்த நாளும் என்னுடையது ஆகாது.

விலாசத்தில் ஒரு விதைக் கடை இருந்தது. வெங்காய விதை, மிளகாய் விதை, பின்னால் திரை போட்ட வீடு. ஐம்பது வயதிருக்கும் ஒருவர் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்து வந்தார். பாறூக் என்று பெயர்ப்பலகை சொன்னது.

"ஸுலைஹா ராத்தா இருக்காங்களா, நானா? இந்த ஸ்கூட்டர் விசயமா வந்தேங்க."

அவர் என் தோளுக்கு மேலாக வண்டியைப் பார்த்தார்.

"மொத இது என்ன கலர்ல ஈந்தது?"

"மெரூன்."

"மெதுவாப் பேசுங்க, தங்கச்சி." அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். "அவ எண்ட பொஞ்சாதிதான். என்ன வேணும், செல்லுங்க."

சொன்னேன். டிப்பெக்ஸ் என்றதும் தலையில் கை வைத்தார். "இத்தன பேர் கைல அந்தத் தாள் பத்திரமா ஈந்தது. நீங்க போய் சுண்ணாம்பு பூசீக்கிறீங்க. தாங்க, கையெழுத்து வாங்கித் தாரேன்."

ஒரு படிவத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போவார் என்று நினைத்தேன். தராசின் பக்கம் திரும்பி, அங்கேயே வைத்து, ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார். பழைய தாளில் இருந்த அதே கையெழுத்து. அதே வளைவு, அதே நீண்ட வால்.

"நானா, இத நீங்களே போட்டுட்டீங்களே?"

"அவட கையெழுத்து எண்ட கைலதான் ஈக்கி. அவட நெனப்புல இந்த ஸ்கூட்டர் களவு போய் ஏழெட்டு வருஷம். வெளங்குதா? தண்ணி கிண்ணி வேணும்டா பஜாருல குடிங்க. இப்ப கெளம்புங்க."

எனக்கு விளங்கியது. விளங்கியதும் தாளை மடிக்காமல் கோப்பில் வைத்து, கோப்பைப் பைக்குள் வைத்தேன். நான் தேடி வந்தது கிடைத்துவிட்டது. யாருடைய வீட்டுப் பொய்யும் எனக்குத் தேவையில்லை. வண்டியில் ஏறி எஞ்சினை எழுப்பினேன்.

திரை விலகியது. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். கிட்டத்தட்ட என் உயரம்தான்.

"யாரு இது?"

"வெத கேட்டு வந்த புள்ள. மாத்தளையாம்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். நீல நிறத்தையும் விளக்குகளையும் பெட்டியையும் தெரியாத ஆட்களைப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள். என்னருகே வந்து, "எறங்குங்க மகள். சீட்டு தொறக்க சாவியத் திருப்புங்க" என்றாள்.

திருப்பினேன். சீட்டு வழக்கம்போல அசையவில்லை. அவள் கையைப் பொத்தி இடது பக்கம் கீழே ஒரு குத்து விட்டாள். சீட்டு மேலே எழும்பியது. அந்தக் குத்தைப் பழக எனக்கு மூன்று மாதம் போயிருந்தது.

"எண்டது" என்றாள்.

அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு கள்ளி. "நான் காசு குடுத்து வாங்கினதுங்க, ராத்தா" என்று பைக்குள்ளிருந்து தாளை இழுத்து நீட்டினேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள நீட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. அவள் தன் கையெழுத்தைப் படித்தாள். மை இன்னும் புதிதாக இருந்தது.

"இது நான் போட்டதில்ல."

பாறூக் நானா விதை மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "நாலந்தா வளைவுல உழுந்தேன்" என்றார். "நீங்க ரெண்டாந்தரம் குவைத்துக்குப் போய் நாலு மாசம். மழை. காலுக்குக் கம்பி வெச்சது அதுலதான்."

"கெணத்தடில வழுக்கினதெண்டு சென்னீங்க."

"உண்மையச் சென்னா அடுத்த பிளேன்ல வந்து நிப்பீங்க. ஆஸ்பத்திரில ஈந்து வந்த பொறவு இதப் பாத்தாலே கை நடுங்கும். ஒரு நாள் வந்தவனுக்குக் குடுத்துட்டேன்."

"வித்தேன்டு செல்ல ஏலாதா? கொன்னா போட்டீப்பேன்?"

"அழுவீங்க."

"களவு போனதுக்கு அழல்லயா நான்?" அவள் குரல் பஜார் வரை கேட்டிருக்கும். "றோட்டுல போற ஒவ்வொரு பெரிய ஸ்கூட்டரையும் எட்டிப் பாத்தேனே. பஸ்ஸுல இருந்து கழுத்த நீட்டி நீட்டிப் பாத்தேனே. ஒங்களுக்குப் பக்கத்துல இருந்துதானே பாத்தேன்?"

அவள் என்னிடம் திரும்பினாள்.

"பின்னுக்கு சாயிற குஷன் ஒண்டு ஈந்ததே, மகள்?"

"கழட்டிட்டோம், ராத்தா. நான் தனியாத்தான் போறது."

அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்து அவள் பேசத் தொடங்கினாள். என்னிடம் பேசினாளா, பெட்டியிடம் பேசினாளா தெரியாது. குவைத்தில் ஆறு வருடம் ஒரு வீட்டுப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறாள். காரின் பின் சீட்டில், மூடிய கண்ணாடிக்குள், மடியில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு பிள்ளை. அந்தச் சம்பளத்தில்தான் இந்த வண்டியை வாங்கச் சொல்லியிருக்கிறாள். "திரும்பி வந்து இதுல மொதல் நாள் ஏறினேன். ரெண்டு கையும் சும்மா ஈந்த எடம் எனக்கு இது ஒண்டுதான். திருகோணமலைக்குப் போனம். கந்தளாயில நிப்பாட்டித் தயிர் திண்டம். மாசத்துக்கு ஒருக்கா மாத்தளைக்கு, தங்கச்சி ஊட்டுக்கு. பலாபத்வலயில மழைக்கு ஒதுங்கினா இவர் கடல வாங்கித் தருவார், தோலையும் இவரே உரிச்சி."

பலாபத்வல என்றதும் வளைவில் சாய்ந்து வந்த வண்டியில், மடியில் கிடந்த அந்த இரண்டு கைகள் எனக்குத் தெரிந்தன. பஸ் தரிப்பில் டியூசன் கொப்பிகளோடு நின்ற ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. அவளுக்குச் சொந்தமான ஒன்றில் நான் பங்கு கேட்பதாக இருக்கும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

"சாவியத் தாங்க" என்றாள்.

தந்தேன். தராமல் இருக்க எனக்கு என்ன உரிமை? புக்கில் இருப்பது அவள் பெயர். தாளில் இருப்பது கள்ளக் கையெழுத்து. பஸ்சில் மாத்தளைக்குப் போகிற வழியை நான் மனதுக்குள் பார்த்துவிட்டேன், நாவுலவரை.

அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதங்களும் தரையில் தட்டையாகப் பதிந்தன. அவள் குனிந்து அவற்றைப் பார்த்தாள்.

"காலு முட்டுதே!" என்று சிறு பிள்ளையைப் போலச் சிரித்தாள். "முந்தி முன்னுக்கு ஏறினா தொங்கும். இவர் சிரிச்சி சிரிச்சி எறக்கி உடுவார்."

சீட்டை வெட்டச் சொன்ன நாளை அந்த நிமிடம் நான் வெறுத்தேன். அவள் கைப்பிடிகளைப் பிடித்தாள். கண்ணாடிகளைப் பார்த்தாள். ஒரு லொறி போய், தூசு அடங்கும்வரை அப்படியே இருந்தாள். பிறகு பின்னால் திரும்பி, பெட்டியை இன்னொரு தரம் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"எண்டது பின் சீட்டு, மகள்" என்று சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். "அது இதுல இல்ல. பேனையத் தாங்க."

மிச்சமிருந்த வெறும் படிவத்தைத் தராசின் பக்கத்தில் விரித்தேன். அவள் பேனையைத் தாளில் வைத்தாள். எழுதவில்லை.

"வாங்கக்குள்ள நான் குவைத்துல. ஒப்பீஸ் கடுதாசில ஆரு கையெழுத்து வெச்ச?"

மூட்டையில் இருந்த பாறூக் நானா தன் வலது கையைப் பார்த்தார்.

"அப்ப அங்க ஈக்கிறதும் இவருடதுதான். நான் போட்டா ஸுலைஹா இல்லண்டு இந்தப் புள்ளயத் திருப்பி அனுப்பிருவாங்க." அவள் பேனையை மூடினாள். அவர் போட்ட தாளை எடுத்து எட்டப் பிடித்துப் பார்த்தாள். "எண்ட பேர இவ்வளவு அழகா நானே போட்டதில்ல" என்றாள். கோபமா, வேறு ஏதாவதா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. "இதையே குடுங்க. ஆரும் கேட்டா, நான் பாத்துட்டிருக்கப் போட்டதுண்டு செல்லுங்க."

தாளைக் கோப்பில் வைத்தேன். நன்றி சொன்னேனா என்று இன்றைக்கும் நினைவில்லை. வண்டியைத் திருப்பி, தலைக்கவசத்தின் பட்டியை மாட்ட நேரமெடுத்தேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை. கடைக்குள் போய் அந்த மூட்டைக்கு முன்னால் நின்றாள்.

"சாரத்த ஒசத்துங்க" என்றாள்.

"இப்ப எதுக்கு?"

"ஒசத்துங்கண்டேன்."

கண்ணாடியில் பார்த்தேன். பாறூக் நானா சாரத்தை முழங்கால்வரை சுருட்டினார். அவள் அவர் முன்னால் குந்தி, இத்தனை வருடம் கிணற்றடித் தழும்பு என்று பார்த்துவந்த அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள்.